பேட்டை தாங்குமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் தாங்கள் குடியிருக்கும் பகுதி இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளுக்குத் தாங்குமா என்பதைக் குடியிருப்பவர்களே எப்படி அளந்து பார்ப்பது? இதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குத் துறை அறிந்தவர்கள் தரும் பதில்கள்.

எங்கள் நலச்சங்கத்தில் 140 வீடுகள். சிமென்ட் சாலை, பூங்கா, எல்.இ.டி. விளக்கு எல்லாம் இருக்கின்றன. 'நீடித்து நிற்கும் பகுதி' என்று சொல்லிக்கொள்ளலாமா? அளப்பதென்றால் எங்கே தொடங்குவது?
– அழகாபுரம் வாசகர்

நீங்கள் சொன்ன மூன்றும் நல்லவைதான். ஆனால் ஒரு பகுதி தாங்குமா என்பது அதன் எல்லையில் நின்று பார்த்தால்தான் தெரியும். உள்ளே என்ன வருகிறது, எங்கிருந்து வருகிறது? வெளியே என்ன போகிறது, யார் வாசலுக்குப் போகிறது? காவிரித் தண்ணீர், லாரித் தண்ணீர், மின்சாரம், கேஸ், பெட்ரோல் எல்லாம் வரவு. குப்பை, சாக்கடை, புகை, சூடு எல்லாம் செலவு. இந்த வரவு செலவைக் கையால் எழுதிப் பார்ப்பதுதான் மதிப்பீடு. அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டதை 'எங்களிடம் இல்லை' என்று கழிக்கக் கூடாது.

முதல் வேலை, எல்லையை நடந்து வரைவது. சங்கத்தின் எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சாக்கடை எந்தத் தெரு வழியாக இறங்குகிறதோ, அந்தத் தெருவையும் கோட்டுக்குள் கொண்டுவாருங்கள். பின்சந்தில் உள்ள லைன் வீடுகள், வாடகை வீடுகள், வீட்டு வேலைக்கு வருபவர்கள் தங்கும் வரிசை எல்லாமே உள்ளே வர வேண்டும். சங்கச் சந்தா கட்டாதவர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு பாதிக் கணக்குதான்.

140 வீட்டையும் அளக்க வேண்டாம். வரிசையில் ஒவ்வொரு நான்காவது வீடும் என்று 35 வீடு போதும். வீடு பூட்டியிருந்தால் அதற்கடுத்த வீடு. தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போனால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். இரண்டு பேர், வீட்டுக்கு 20 நிமிடம் என்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். ஏப்ரல் – மே மாதத்தில் ஒரு முறை, அக்டோபர் மழையில் ஒரு முறை. ஒரே பருவத்தில் அளந்துவிட்டு 'ஆண்டு முழுக்க இப்படித்தான்' என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு நபருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் சில நாளைக்கு ஒரு முறைதான் வரும். மற்றதற்குப் போர்வெல், கேன். மீட்டர் கிடையாது.
– அஸ்தம்பட்டி வாசகி

மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். 15 லிட்டர் வாளி, கைபேசியில் இருக்கும் கடிகாரம், இவை போதும்.

மொட்டை மாடிக்குப் போய், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் வாயிலேயே வாளியைப் பிடியுங்கள். 15 லிட்டர் நிரம்ப 25 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 36 லிட்டர். மோட்டார் ஒரு நாளைக்கு 30 நிமிடம் ஓடினால் 1,080 லிட்டர். வீட்டில் ஐந்து பேர் என்றால் தலைக்கு 216. பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் மூன்று இடத்தில் தவறு வரும். கீழே உள்ள குழாயில் வாளி பிடித்தால் தண்ணீர் வேகமாக விழும். மாடிக்கு ஏறும்போது வேகம் குறையும். அதனால் கீழே அளந்தது அதிகமாகக் காட்டும். இரண்டாவது, குழாய்த் தண்ணீர் சம்புக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏறுகிற வீடுகள். இங்கே சம்பில் விழுந்ததையும் மாடிக்கு ஏற்றியதையும் கூட்டினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். மாடிக்கு ஏறுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழேயே நேரடியாகப் பிடிக்கும் குடங்களைத் தனியாகச் சேருங்கள். மூன்றாவது, தொட்டி வழிந்து ஓடுவது. அது பயன் அல்ல, ஆனால் செலவு. அதைத் தனி வரியில் எழுதுங்கள். பல வீடுகளில் ஒரு மிதவை வால்வு போட்டாலே தலைக்கணக்கு கண்ணெதிரே இறங்கும்.

நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். குழாய், போர்வெல், லாரி, கேன் என்று நான்கு பத்தி போடுங்கள். கோடையில் போர்வெல் பத்தி சுருங்கி லாரிப் பத்தி பெருகினால், உங்கள் பகுதி தன் நிலத்தடி நீரைத் தின்று தீர்க்கிறது என்று பொருள். மே மாதத்தில் வாளி நிரம்ப 25 விநாடிக்குப் பதில் 40 விநாடி ஆனால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் கிணற்றைப் பாருங்கள்.

இதோடு மழையையும் கணக்கில் சேருங்கள். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. மழை என்று வைத்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டால் சுமார் 67,000 லிட்டர். தலைக்கு 135 வீதம் ஐந்து பேருக்கு 99 நாள் தண்ணீர் அது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகம் முழுக்கக் கட்டாயமாக்கப்பட்டது. மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டி பல வீடுகளில் இருக்கிறது, உயிரோடு இருப்பதுதான் குறைவு. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தொட்டிக்குள் 200 லிட்டர் தண்ணீர் விட்டுவிட்டு மறுநாள் காலை மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அடைத்துவிட்டது. அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் என்று இருக்கும் அடுக்கில், முதலில் அடைவது மேல் மணல்தான். ஆண்டுதோறும் ஜூனுக்கு முன் மேலே ஐந்து சென்டிமீட்டரை வழித்தெடுத்துப் புது மணல் போட்டால் தொட்டி வேலை செய்யும். மாடித் தூசியோடு வரும் முதல் 2 மி.மீ. மழையை, அதாவது இந்த அளவு மாடிக்கு 190 லிட்டர் வரை, வெளியே விட்டுவிடும் வால்வும் தேவை. சேலத்துக்கு அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் நிற்கிறது. வடிகட்டாமல் மாடிக் குழாயை நேராகப் போர்வெல்லில் விட்டால் அந்த வெடிப்பு சேற்றால் அடைபடும். பிறகு அதைத் திறப்பது மிகவும் கடினம்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் ஆண்டு முழுக்க ஓடுகிறது. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது என்கிறார்கள். பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
– குகை வாசகர்

மழை பெய்யாத ஏப்ரலில் மழைநீர் வடிகால் ஓடுகிறதென்றால் அதில் ஓடுவது வீட்டுத் தண்ணீர். ஒரு நாள் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். காலையில் பெருகி மதியம் வற்றினால் ஐயமே வேண்டாம்.

செப்டிக் டேங்க் பற்றிக் கேட்கும்போது 'இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாக எந்த ஆண்டு வண்டி வைத்து எடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டியது அது. 'வீடு கட்டியதிலிருந்து எடுத்ததே இல்லை' என்று பெருமையாகச் சொல்கிறவர் வீட்டில், ஒன்று தொட்டியின் அடியில் தளம் போடவில்லை, அல்லது மேல் குழாய் வடிகாலுக்குள் திறந்திருக்கிறது. அடியில் தளம் இல்லையென்றால் கழிவுநீர் பக்கத்து போர்வெல்லுக்குள் இறங்கும். அந்தப் போர்வெல் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, கழிவு கலந்தால் கூடும் நைட்ரேட் என்ற உப்பின் அளவைப் பாருங்கள். குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். காய்ச்சினால் போகாது, காய்ச்சக் காய்ச்ச இன்னும் செறிவாகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வடிகால் இறங்கும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியே காவிரிக்குப் போகிறது. கீழே அதை நம்பிப் பயிர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வயலும் உங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி.

தினமும் காலையில் தூய்மைப் பணியாளர் வண்டியில் குப்பையைக் கொடுத்துவிடுகிறோம். தெருவில் ஒரு காகிதம் கிடக்காது. குப்பைக்கு முழு மதிப்பெண் போடலாம்தானே?
– சூரமங்கலம் வாசகி

தெரு சுத்தத்துக்குப் போடுங்கள், குப்பைக்குப் போடாதீர்கள். வண்டியில் ஏறிய குப்பை மறைந்துவிடவில்லை. பிரிக்காத குப்பை செட்டிச்சாவடி போன்ற கிடங்குக்கு அருகில் வாழ்பவர்களின் காற்றாகவும் கிணற்றுத் தண்ணீராகவும் மாறுகிறது.

எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய பேப்பர்க் கடையில் கொக்கியில் மாட்டித் தூக்குகிறார்களே, அந்த ஸ்பிரிங் தராசு ஒன்று, மூன்று பை. மட்கும் குப்பை, மட்காத குப்பை, மூன்றாவதாக நாப்கின், டயாப்பர், பேட்டரி, காலாவதி மாத்திரை போன்றவை. பத்து வீட்டில் தொடர்ந்து எட்டு நாள் எடை போடுங்கள். முதல் நாள் எடையைத் தள்ளிவிடுங்கள். எடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் கிடந்த பழையதெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். ஆக, எட்டு நாள் போட்டு ஏழு நாளைக் கணக்கில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி, மீன் கழிவு, அமாவாசைக்கு வாழை இலை, பூசணிக்காய் என்று ஏறும். அதையும் விட்டுவிடாமல், நாளைக் குறித்து எழுதுங்கள். இளநீர்க் கூடும் தேங்காய் மட்டையும் தனி. ஒரே ஒரு கூடு ஒரு வீட்டின் அன்றைய எடையையே புரட்டிவிடும்.

எடை வந்ததும், வீட்டு வாசலில் பிரித்தது வண்டியிலும் பிரிந்தே போகிறதா என்று பாருங்கள். இரண்டு வாளியும் ஒரே தொட்டியில் கவிழ்ந்தால் பிரித்த உழைப்பு வீண். அதற்குத் தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். அவர் வண்டியில் எத்தனை தொட்டி கொடுத்திருக்கிறார்கள், ஒரு நடைக்கு எத்தனை வீடு, நுண் உரம் தயாரிக்கும் மையம் எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதுங்கள். அவருக்குக் கையுறை இருக்கிறதா என்பதும் உங்கள் பகுதியின் மதிப்பெண்தான்.

மட்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் வீடுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது தொட்டிக்குள் கையை விடுங்கள். புழு நெளிந்து நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த சருகு போதவில்லை. ஒரு பங்கு சமையல் கழிவுக்கு அதே அளவு சருகோ தேங்காய் நார்த் தூளோ போட வேண்டும். நாற்றம் வந்து கைவிட்ட வீடுகளையும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்களுக்கு அடுத்த மாத வேலை.

பூங்கா இருக்கிறது, மரக்கன்றும் ஆண்டுதோறும் நடுகிறோம். ஆனாலும் வெயில் தாங்கவில்லை. இதை எப்படி அளப்பது?
– சுவர்ணபுரி வாசகர்

நட்ட கன்றை எண்ணாதீர்கள், நிழலை எண்ணுங்கள். ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்குத் தெருவின் ஒரு முனையிலிருந்து நடந்து, பத்து அடி எடுத்து வைத்ததும் நில்லுங்கள். தலையில் நிழலா வெயிலா என்று குறியுங்கள். 300 மீட்டர் தெருவில் நாற்பது இடத்துக்கு மேல் கிடைக்கும். நாற்பதில் பன்னிரண்டு நிழல் என்றால் முப்பது சதவீதம். 2021-இல் சீசில் கொனைனன்டைக் என்ற நகர்ப்புற வனவியலாளர் ஓர் எளிய விதி சொன்னார்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், பகுதிக்கு 30 சதவீத மர நிழல், 300 மீட்டருக்குள் பசுமையான ஓர் இடம். சேலம் வெயிலுக்கு நடுவில் உள்ள 30-தான் உயிர்நாடி.

பூங்கா மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்குமென்றால் மதிய வெயிலில் அது பூங்கா அல்ல. பூட்டிய நேரத்தைக் கழித்து எழுதுங்கள்.

கன்று ஏன் பிழைப்பதில்லை? அடிமரம் வரை சிமென்ட் பூசிவிடுகிறோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும். மின்கம்பிக்கு நேர் கீழே புங்கனும் வேம்பும் வைத்தால் ஆண்டுதோறும் தலை வெட்டுப்படும். அவற்றைக் கம்பி இல்லாத பக்கம் வையுங்கள்.

மின்சாரம், பெட்ரோல் கணக்கு எடுக்க வேண்டுமா? அது ஒவ்வொருவர் சொந்த விஷயம் அல்லவா?
– கன்னங்குறிச்சி வாசகர்

எடுத்துப் பாருங்கள், பாதி சொந்த விஷயம் இல்லை என்று தெரியும். நான்கு பேர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் மாதம் 147 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ; ஒன்றரை மாதம் வந்தால் மாதத்துக்கு 28. இரண்டு ஸ்கூட்டருக்கு மாதம் 20 லிட்டர் பெட்ரோல் என்றால் 46. அடுப்பைவிட வண்டி அதிகம் எரிக்கிறது. ஏன் வண்டி எடுக்கிறோம்? பஸ் நிறுத்தம் தூரம், நடைபாதை இல்லை, பள்ளி எதிர்த்திசையில். இவை வீட்டுக்குள் தீரக்கூடியவை அல்ல.

பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் அளவுகோல். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்க்காமல் நடந்து பாருங்கள். வழியில் நடைபாதை தடையின்றி 1.8 மீட்டர் அகலம் இருக்கிறதா? இந்திய சாலைக் குழுமத்தின் வழிகாட்டி சொல்வது அது. நடுவில் டிரான்ஸ்பார்மரோ பைக் வரிசையோ நின்றால் அந்த இடத்தில் மிஞ்சும் அகலத்தைத்தான் எழுத வேண்டும். பிறகு நிறுத்தத்தில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எத்தனை பஸ் நின்றது, இரவு எட்டு மணிக்கு மேல் எத்தனை என்று எண்ணுங்கள்.

வீடும் தறியும் ஒன்றாக இருக்கிற தெரு எங்களுடையது. வெளிநாட்டு அளவுகோலில் 'வீடும் வேலையும் ஒரே இடம்' என்றால் மதிப்பெண் உண்டாம். ஆனால் விசைத்தறி சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடிவதில்லை.
– அம்மாப்பேட்டை வாசகி

இரண்டுமே உண்மை, இரண்டையும் எழுதுங்கள். வேலைக்குப் போக பெட்ரோல் செலவில்லை என்பது பெரிய லாபம். அதற்காகச் சத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. கைபேசிச் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் தறி ஓடும்போதும் நின்றபோதும் ஒரே இடத்தில் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும். தறியின் காலடியில் ரப்பர் மெத்தை வைத்தால் சுவர் வழியே வரும் அதிர்வு குறையும். ஜன்னல் வழியே வரும் சத்தத்துக்கு அது உதவாது.

தெருவில் சாயம் போடும் வீடு இருந்தால், அதற்கு மேலும் கீழும் சாக்கடைத் தண்ணீரை எடுத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். கீழே எடுத்ததில் எண் தாவி ஏறினால் உப்பு அங்கேதான் கலக்கிறது. கண்ணுக்கு நிறம் தெரியாத நாளிலும் உப்பு இருக்கும்.

ஏற்காட்டுக்கும் இதே தாள் பொருந்துமா?
– ஏற்காடு வாசகர்

பாதிதான். காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள் இருக்கும் ஊரில் 30 சதவீத நிழல் எளிதாகத் தேறிவிடும், அதனால் அது எதையும் சொல்லாது. தலைக்கணக்கும் தவறும், மே மாதத்திலும் சனி, ஞாயிறிலும் ஊரின் தலைகள் மாறிவிடுகின்றன. விடுதிக் கட்டில்களை எண்ணி, வார நாள் தனி, வார இறுதி தனி என்று எழுதுங்கள். ஊற்றுத் தண்ணீரை மாதத்துக்கு ஒரு நாள் ஒரே இடத்தில் வாளி பிடித்து விநாடியைக் குறியுங்கள். சரிவில் கட்டிய தடுப்புச் சுவர்களில் உள்ள வடிதுளைகளை மழைக்கு மறுநாள் பாருங்கள். துளையிலிருந்து ஒரு சொட்டும் வராமல் சுவர் மட்டும் ஈரமாக உப்பியிருந்தால் பின்னால் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சுவருக்குக் கீழே யார் வீடு என்று உடனே பாருங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று போடலாமா? லீட், பிரீம், காஸ்பீ என்றெல்லாம் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் சுற்றுச்சூழல் மதிப்பெண் போடும் அளவுகோல்கள் இருக்கின்றனவே.
– கட்டடக் கலை மாணவி, சேலம்

அவை பெரும்பாலும் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டும் குடியிருப்புகளை மனத்தில் வைத்து உருவானவை. செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பேட்டைக்கு அப்படியே போட்டால் ஏற்கெனவே கையில் உள்ள நன்மைக்கு மதிப்பெண் கிடைக்கும், உயிர்போகும் குறை சிறிய எண்ணாக ஒளிந்துகொள்ளும். ஆனால் லீட் முறையில் ஒன்று எடுத்துக்கொள்ளத் தக்கது: சிலவற்றை முன்நிபந்தனையாக வைத்து, அவை தேறாவிட்டால் மீதி மதிப்பெண்ணை எண்ணுவதே இல்லை. நாமும் மூன்று வைக்கலாம். குடிக்கிற தண்ணீரில் நைட்ரேட் அளவுக்குள், மலக்கழிவு வடிகாலில் இல்லை, குப்பை எரிப்பதில்லை. இவை தேறிய பிறகே மற்றவை.

சராசரி போடாதீர்கள். இரண்டு தெரு, தலா 25 வீடு. ஒன்றில் தலைக்கு 160 லிட்டர், மற்றதில் 60. சராசரி 110 என்று எழுதினால் யாருக்கும் குறையில்லாததுபோல் தெரியும். 60 லிட்டர் தெருவில் குடத்தோடு காத்திருப்பவரை அந்த 110 அழித்துவிடும். ஒவ்வொரு தலைப்புக்கும் மிகப் பின்தங்கிய தெருவின் எண்ணையே பகுதியின் எண்ணாகப் போடுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெரு ஏறினால்தான் பகுதி ஏறும்.

அளந்த தாளை யாரிடம் கொடுப்பது?
– கொண்டலாம்பட்டி வாசகர்

வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். 2022 விதிகளின்படி நகராட்சி, மாநகராட்சிகளில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபா உண்டு, அங்கே வாசியுங்கள். தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு பக்கம் வரைபடம், அதில் பின்தங்கிய தெரு சிவப்பில். மறுபக்கம் எண், அளந்த தேதி, அளந்த முறை. 'வடிகால் மோசம்' என்றால் பதில் வராது. 'ஏப்ரல் 12, காலை 6 மணி, நாலாவது குறுக்குத் தெரு, மழை இல்லை, வடிகாலில் ஒரு சாண் தண்ணீர்' என்றால் ஆள் வந்து பார்த்தாக வேண்டும். மாநகராட்சி வசமுள்ள பைப் லைன் வரைபடம், தண்ணீர் விடும் அட்டவணை போன்றவை தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த அட்டவணையை உங்கள் வாளிக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.